முத்திரை உடையாத பத்தாயம்

விற்றுவிட்டேன் என்று சொல்வது, ஆனால் விற்காமல் இருப்பது.

ஐம்பத்து நான்கு வயதில் மாயவன் எடுத்த பெரிய முடிவு இதுதான். குளிக்கும்போது எடுத்தார். துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வரும்போதே அவர் முகத்தில் ஒரு ராஜதந்திரியின் அமைதி குடியேறியிருந்தது.

"சோப்பு கண்ணுல பட்டுடுச்சா?" என்று கேட்டாள் ஆண்டாள்.

"ஏன்?"

"மூஞ்சி ஒரு மாதிரி இருக்குதே."

மாயவன் சட்டையை மாட்டிக்கொண்டார். பெரிய முடிவெடுத்தவர்கள் அதிகம் பேசுவதில்லை என்று அவர் படித்திருந்தார்.

படித்ததுதான் இத்தனைக்கும் காரணம். நாட்டுக்கு நாடு நடக்கும் சண்டை, உளவு, வெளியுறவு. இந்த மூன்றைப் பற்றியும் பழைய இங்கிலீஷ் புத்தகங்களை அவர் சேர்த்துவந்தார். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் தார்ப்பாய் விரித்து விற்கும் ஜெயசீலனிடம் வாங்கியவைதான் பாதிக்கு மேல். இடையஞ்சாவடிப் பக்கம் ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் கழித்துப் போட்டவை கொஞ்சம். போன வருஷம் சுனாமிக்கு உதவி செய்ய வந்த ஒருவர் விட்டுப்போன பெட்டியில் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. அட்டை மூலையை எலி கடித்திருந்தது. மாயவனுக்கு அது எலி கடித்த பொக்கிஷம். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, தெரியாத வார்த்தைக்கெல்லாம் பென்சிலில் தமிழ் எழுதி எழுதிப் படித்தார். கப்பல் கடலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட இடத்தில், அது தப்புமா தப்பாதா என்று தெரிவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி வைத்திருந்தார். நல்ல பண்டத்தைக் கடைசியில் தின்பது அவர் வழக்கம்.

டீக்கடையில் அவருக்கு மரியாதை உண்டு. "ஈராக்குல அடுத்து என்னண்ணே ஆகும்?" என்று கேட்பார்கள். சொல்லுவார். வீட்டில் அடுத்த வேளைக்கு என்ன குழம்பு என்பது மட்டும் எந்த வழியிலும் அவருக்கு முன்கூட்டித் தெரிந்ததில்லை.

இப்போது பிரச்சினை அறை. மரக்காணத்து உப்புக்காற்றில் இரும்புக் கதவே பொருக்குப் பொருக்காக உதிரும். காகிதம் என்ன ஆகும்? அவர் வீட்டில் கடல்காற்று படாத இடம் வடக்குப் பக்கத்து அறை ஒன்றுதான். அதில்தான் புத்தகங்கள் இருந்தன. ஆவணியில் மகள் ரேணுகா முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. அன்றைக்கே ஆண்டாள் அந்த அறை வாசலில் வந்து நின்றாள்.

"இதைக் காலி பண்ணுங்க. புள்ளை பொறந்தா ஈரக்காத்து படாத எடம் வேணும்."

"சம்பந்திதான் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்றாரே."

அது உண்மை. பெரிய முதலியார்சாவடியில் இருக்கும் சம்பந்தி சிவஞானம் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் உட்கார்ந்து எல்லா விஷயத்திலும் ஒரு முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்பது அதில் ஒன்று.

"அனுப்புவாரு. மொதல்ல ரூமு."

"சம்பந்தி விஷயத்துல அவசரப்படக் கூடாது ஆண்டாளு. பொறுத்திருந்து கவனிக்கறதுன்னு வெளியுறவுல ஒரு கொள்கையே இருக்குது."

"கவனிங்க. யாரு வேணாம்னா? ரூமுக்கு வெளிய நின்னு கவனிங்க."

"புக்கை எங்க வெக்கறது?"

"அந்தப் பாண்டிக்காரன்கிட்டயே வித்துடுங்க. வித்தவன் திருப்பி வாங்கக் கூடாதுன்னு சட்டமா இருக்குது?"

மகளா புத்தகமா என்று கேட்டால் மகள்தான். அதில் மாயவனுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேள்வியை ஏன் அப்படிக் கேட்க வேண்டும்? இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்காதா? அப்போதுதான் குளிக்கப் போனார்.

வழி கூடத்திலேயே நின்றது. பத்தாயம். ஆண்டாள் கல்யாணத்துக்கு அவள் பிறந்த வீட்டார் சீராகக் கொடுத்த நெல்பெட்டி. ஓர் ஆள் உயரம், பலாமரம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தடுப்புச் சுவர் மாதிரி நின்றது. கூடத்துப் பக்கம் முக்காலி போட்டு ஏறினால் மேல்மூடி. சமையலறைப் பக்கம் இருப்பது அதன் முதுகு என்பது மாயவனின் எண்ணம். அந்தப் பக்கம் அண்டா குண்டானெல்லாம் அடுக்கியிருக்கும். தண்ணீர்ப் பானையைத் தாண்டி அவர் அங்கே போனதில்லை. கடையில் அரிசி மூட்டை வாங்கும் காலம் வந்தபிறகு பத்தாயம் காலியாகத்தான் கிடந்தது. நெல்லே கெடாத இடத்தில் புத்தகம் கெடுமா?

ஆண்டாள் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து வேலையை முடித்தார். புத்தகங்களை அடியிலிருந்து அடுக்கினார். பாதி உயரத்தில் நான்கு பக்கமும் கட்டை அடித்து, அதன்மேல் பலகை போட்டார். பலகைக்கு மேலே, மில்லில் வாங்கி வந்த நெல்லைக் கொட்டினார். நெல்லுக்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே போரும் உளவும். இரட்டை அடிப்பாகம் வைத்த பெட்டியோடு எல்லை தாண்டியவர்களைப் பற்றி அவர் நிறையப் படித்திருந்தார். யாராவது மூடியைத் திறந்தாலும் நெல். கையை விட்டுத் துழாவினாலும் நெல்.

அதோடு விடவில்லை. மாயவன் உப்பளத்தில் மேஸ்திரி. வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தின்மேல் சாயங்காலம் சாம்பலைத் தூவி, எழுத்து வெட்டிய மரப்பலகையால் அச்சுக் குத்துவது அவர் பொறுப்பு. இரவில் எவனாவது ஒரு கூடை உப்பை எடுத்தாலும் அச்சு கலைந்துவிடும். அச்சு குலையாமல் அவர் அம்பாரத்திலிருந்து ஒரு பிடி உப்பு போனதாகச் சரித்திரமில்லை. அதே அச்சுப் பலகையால் நெல்லின்மேல் வரிசையாக முத்திரை குத்தினார். மூடியை மூடினார். இறங்கி வந்து மோர் குடித்தார்.

அடுத்த ஞாயிறு விற்பனை நாடகம். இரண்டு சாக்கு நிறைய, அம்பாரத்துக்கு மூடுகிற காய்ந்த ஓலையை அடைத்துத் தைத்தார். ஆண்டாள் பார்க்க, முக்கி முனகித் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, டீக்கடை அடுப்புக்குச் சாக்கைக் கொடுத்தார். திரும்பினால், அதே பஸ்ஸில் வந்து இறங்கிய பக்கத்து வீட்டு சகாயமேரி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணே, பாண்டிக்குன்னு ஏறுனீங்க, இங்கயே எறங்கிட்டீங்க?"

"ஒரு ஆளைப் பாக்கணும்."

"யாரை?"

"அவரு வரல."

"வராத ஆளுக்கா ரெண்டு மூட்டை ஓலை?"

"உலகத்துல பல விஷயம் நடக்குது மேரி. எல்லாத்தையும் வெளிய சொல்ல முடியாது."

"செரிண்ணே," என்றாள் சகாயமேரி. "நான் சொல்லலை."

யாரிடம் சொல்லவில்லை என்று அவள் குறிப்பிடவில்லை. மாயவனும் கேட்கவில்லை. அங்கே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சாயங்காலம் வரை மாரியம்மன் கோவில் மரத்தடியில் படுத்திருந்துவிட்டு, சோகத்தை முகத்தில் ஏற்றிக்கொண்டு வீடு வந்தார். ஆண்டாள் வாசலில் நின்றாள்.

"வித்துட்டீங்களா?"

"வித்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"மனசைக் கல்லாக்கிக்கிட்டு."

"அந்தக் கப்பல் புக்குகூடவா?"

மாயவன் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையாகவே கண்ணில் நீர் வந்தது. ஆண்டாள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் வஞ்சிரம் மீன் குழம்பும் சோறும் போட்டுக்கொண்டு வந்து, நடுத்துண்டாகப் பொறுக்கி வைத்தாள்.

"சாப்புடுங்க. பொண்ணுக்காக இவ்ளோ பண்ணியிருக்கீங்க. இதை நான் மறக்கவே மாட்டேன்."

மாயவன் ஒரு வாய் சாப்பிட்டார். இவளை ஏமாற்றுகிறோமே என்று முதல் தடவையாக உறுத்தியது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள். எந்த நாட்டு உளவாளியும் வீட்டுக்காரியிடம் உண்மை சொன்னதில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு இன்னொரு துண்டு கேட்டார்.

இரண்டு நாள் கழித்து விசாரணை வந்தது.

"பத்தாயத்துல நெல்லு கெடக்குதே, யாருது?"

பதில் தயாராக இருந்தது. "நம்ம கலியனோடது. விதைநெல்லு. அவன் வீடு ஒழுவுதாம். யாரும் கை வெக்கக் கூடாதுன்னு முத்திரை குத்தி வெச்சிருக்கேன்."

"உப்பளத்துல பாத்தி மிதிக்கற கலியனா? அவனுக்கு நெலம் ஏது?"

"மாமனார் நெலம்."

"என்ன நெல்லு?"

"நல்ல நெல்லு."

ஆண்டாள் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். "எந்தப் பட்டத்துக்கு வெதைக்கப் போறான்? சம்பாவா, நவரையா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும் ஒரே நெல்லா?"

"அவன் கொஞ்சம் புது மாதிரி விவசாயி."

"ஓகோ," என்றாள் ஆண்டாள். "அப்ப நான் அந்த நெல்லுல கை வெக்கலைங்க. என் புள்ளை மேல சத்தியம்."

சத்தியமே செய்துவிட்டாள். மாயவனுக்கு அன்று நல்ல தூக்கம்.

அதன்பிறகு தினமும் உப்பளத்திலிருந்து வந்ததும் முக்காலியில் ஏறுவார். டார்ச் அடிப்பார். முத்திரை அப்படியே இருக்கும். இறங்குவார். ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பாத்தியெல்லாம் மூழ்கி வேலை நின்றது. மாயவன் வீட்டிலேயே இருந்தார். மழை நாளில் படிப்பதைப் போல சுகம் உண்டா? ஆனால் ஒரு புத்தகத்தை எடுக்க முத்திரையைக் கலைத்து, நெல்லை வாரி, பலகையைத் தூக்க வேண்டும். ஆண்டாள் கூடத்திலேயே உலாத்துகிறாள். வேண்டாம், பத்திரம் முக்கியம். கப்பல் கடலடியிலேயே கிடந்தது. தான் புத்தகம் படிக்க ஆசைப்பட்டோமா, இல்லை புத்தகம் இருக்கிறது என்ற நினைப்புக்கு ஆசைப்பட்டோமா என்று ஒரு மத்தியானம் நெடுநேரம் யோசித்தார். முக்காலியில் ஏறி முத்திரையைப் பார்த்தார். நிம்மதியாக இருந்தது.

ஆண்டாள் மட்டும் மழையிலும் ஓயவில்லை. வாரம் தவறாமல் மகளைப் பார்க்கக் கிளம்பினாள். போகும்போதெல்லாம் ஒரு கட்டைப்பை. பஸ் நிறுத்தம் வரை தூக்கி வருவது மாயவன். தோள் இற்றுப்போகும்.

"என்னடி இவ்ளோ கனம்?"

"புட்டு மாவு, சத்து மாவு. மாசமா இருக்கறவளுக்கு ஒடம்புல தெம்பு வேணாமா?"

"கல்லு மாதிரி இருக்குது."

"நல்லா இடிச்சு அழுத்திக் கட்டியிருக்கேன். பையை நனைக்காம தூக்குங்க. ஈரம் பட்டா கெட்டுடும்."

மாயவன் தன் குடையைப் பைக்குப் பிடித்து, தான் நனைந்துகொண்டு போனார். கண்டக்டரிடம் சொல்லி, சன்னல் சாரல் படாத இடமாகப் பார்த்து அவரே வைத்துவிட்டு வந்தார். மகளுக்குச் செய்கிற வேலை. அவருக்கு அதில் ஒரு பெருமை.

மார்கழியில் ஒருநாள் ஆண்டாள் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள்.

"தையில வளைகாப்பு. அன்னைக்கே ரேணுகாவை நம்மகூட அனுப்பறாங்க. பிரசவம் இங்கதான். அஞ்சு மாசம் கழிச்சுக் கொழந்தையோட வந்தாப் போதும்னு சம்பந்தியே சொல்லிட்டாரு."

மாயவன் சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நான் அப்பவே இன்னா சொன்னேன்? பொறுத்திருந்து கவனிக்கணும். நாம அசையாம இருந்தா எதிராளி தானா எறங்கி வருவான்."

"ஆமாங்க," என்றாள் ஆண்டாள். "நீங்க அசையவே இல்லை."

வளைகாப்பு அன்று பெரிய முதலியார்சாவடியில் சம்பந்தி வீடு நிறைய ஜனம். பெண்கள் ரேணுகாவுக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து, ஐந்து வகைச் சாதமும் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாயவன் சுவரைப் பார்த்தார்.

சுவர் ஓரமாகக் கண்ணாடி போட்ட புது அலமாரி. உள்ளே வரிசையாகப் புத்தகங்கள்.

முதலில் அவருக்கு வந்தது பொறாமை. இந்த மனுஷனுக்கும் இதே ருசியா? பாலைவனத்து டாங்கிச் சண்டை, அதே புத்தகம். எல்லைப் பேச்சுவார்த்தை, அதே புத்தகம். தன்னிடம் இருப்பதைப் போலவே முதுகில் மஞ்சள் நாடா ஒட்டிய உளவுச் சரித்திரம். எழுந்து பக்கத்தில் போனார். நீர்மூழ்கிக் கப்பலும் இருந்தது. அட்டை மூலையை எலி கடித்திருந்தது. எலிக்குமா ஒரே ருசி?

அப்புறம்தான் தோளில் அந்தக் கட்டைப்பையின் கனம் மறுபடி ஏறியது.

"எடுத்துப் பாருங்க சம்பந்தி, எடுத்துப் பாருங்க!" சிவஞானம் பின்னால் வந்து நின்றார். முன்னெல்லாம் இவரைப் பார்த்தால் கோர்ட்டுச் சம்மன் கொடுக்க வந்தவர் மாதிரி இருக்கும். இப்போது முகத்தில் அப்படி ஒரு குளுமை. "ரிட்டயர் ஆனதுல இருந்து பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்தேன். இந்தப் புக்குங்க வந்து சேந்துது, வீட்டுல இருக்கறவங்களோட சண்டை போடவே நேரம் இல்லை."

"இது... இதெல்லாம்..." என்றார் மாயவன்.

இது என் புத்தகம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? நீங்கள்தான் விற்றுவிட்டீர்களே என்று ஆண்டாள் கேட்பாள். அந்தப் பக்கம், மகளின் கையில் சந்தனம் பூசிக்கொண்டே ஆண்டாள் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் எல்லாத்தையும் வித்துட்டேனே," என்றார் மாயவன், மெல்லிய குரலில்.

சிவஞானம் கூடமே திரும்பிப் பார்க்கும்படி தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களாய்யா! சம்பந்தியம்மா சொன்ன மாதிரியே சொல்றாரு! 'அவரு பெரிய மனசோட உங்களுக்குக் குடுத்துடச் சொன்னாரு. ஆனா நேர்ல கேட்டா வித்துட்டேன்னுதான் சொல்லுவாரு, குடுத்ததை வெளிய சொல்ற பழக்கம் அவருக்குக் கெடையாது'ன்னாங்க. பொண்ணைக் குடுத்த வீட்டுல இப்படி ஒரு மனுஷன் இருக்கறப்ப, பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன்னு நான் எந்த மூஞ்சியோட சொல்றது?"

கூடத்தில் இருந்தவர்கள் மாயவனை ஒரு மகானைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து கும்பிட்டார். மாயவனும் கும்பிட்டார். வேறு என்ன செய்ய முடியும்?

"கப்பல் புக்குல பாதி வரைக்கும் உங்களுக்கு முன்னாடி எவனோ பென்சில்ல தமிழ் எழுதி வெச்சிருக்கான், அப்புறம் விட்டுட்டான்," என்று சிவஞானம் தொடர்ந்தார். "நல்ல எடத்துல விட்டுட்டான் பாவம். கடைசியில கப்பல் மேல வந்துடுது சம்பந்தி. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல."

மாயவன் ஐந்து வகைச் சாதத்திலும் கை வைத்தார். ஒன்றிலும் உப்பு இருந்ததா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை.

வேனில் ரேணுகாவோடு வீடு வந்து சேர்ந்தார்கள். ஆண்டாள் ஆரத்தி எடுத்து மகளை வடக்கு அறையில் உட்கார வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மாயவன் வேட்டியைக்கூட மாற்றவில்லை. முக்காலியில் ஏறினார். மூடியைத் திறந்தார்.

முத்திரை அப்படியே இருந்தது. ஒரு வரி கலையவில்லை. ஒரு நெல் நகரவில்லை. அடிப்பாவி, நெல்லில் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்தாளே! கை வைக்கவில்லைதான். பிறகு எப்படி? நெல்லை இரண்டு கையாலும் ஒதுக்கினார். ஒரு பலகையை நிமிர்த்தினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

அடியில் வெளிச்சம் தெரிந்தது.

பத்தாயத்தின் அடிமட்டத்தில், சமையலறைப் பக்கம், ஒரு முழ அகலத்துக்குச் சதுரமாக ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. நெல்லை மேலே கொட்டுவார்கள், கீழே திறந்து அள்ளுவார்கள். நெல் விளைகிற ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மாயவன் உப்புக்காரர். அம்பாரத்துக்கு உச்சி உண்டு, சரிவு உண்டு. அடியில் கதவு வைத்த அம்பாரத்தை அவர் கண்டதில்லை. வெறும் நெல்லாக இருந்திருந்தால், கீழே அள்ள அள்ள மேலே சரிந்து முத்திரை கலைந்திருக்கும். நெல்லைத் தாங்கிப் பிடித்தது அவர் அடித்த பலகை. முத்திரையைக் காப்பாற்றியதும் அதுதான்.

அந்தக் கதவு வழியாக ஆண்டாளின் முகம் உள்ளே எட்டிப் பார்த்தது. கையில் பாதி உரித்த வெங்காயம்.

"இன்னாங்க, கலியன் நெல்லு மொளைச்சிடுச்சா?"

மேலே அவர், கீழே அவள், நடுவில் காலிப் பத்தாயம்.

"சகாயமேரி சொல்லிட்டாளா?" என்றார் கடைசியில்.

"அவ ஓலை மூட்டையைத்தான் சொன்னா. அதுக்கு முன்னாடியே, இந்தக் கதவாண்ட இருந்து புளிப்பானையை நகத்தி வெச்சுப் பாத்துட்டேன். உங்க வெதைநெல்லுக்குப் புக்கு அட்டை போட்டிருந்துது." வெங்காயத்தின் மிச்சத் தோலை உரித்தாள். "சும்மா நிக்காதீங்க. சம்பந்தி, அந்த உளவுச் சரித்திரத்துக்கு ரெண்டாம் பாகம் இருக்குதான்னு கேட்டாரு. நாளைக்கு ஞாயித்துக்கெழமைதானே? பாண்டிக்குப் போயிட்டு வாங்க."

மாயவனின் மனசு அவரையும் மீறித் துள்ளியது. இருபத்தைந்து வருஷத்தில் ஜெயசீலன் கடைக்குப் போ என்று ஆண்டாள் வாய் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை.

"நெஜமாவா ஆண்டாளு?"

"நெஜமாத்தான். வாங்கிட்டு வந்து இந்தக் கதவு வழியாவே குடுத்துடுங்க. முக்காலியில ஏறி எறங்கி முட்டி வலிக்கப் போவுது."